முட்டி வலிக்குப் பயிற்சியா, மாத்திரையா, ஊசியா, ஆபரேஷனா?

"எக்ஸ்ரே பார்த்த டாக்டர் நாலாவது ஸ்டேஜ், முட்டியை மாத்திடலாம்னு சொல்லிட்டார். இன்னொருத்தர் ஜெல் ஊசி போட்டுப் பார்க்கலாம்ங்கிறார். மகன் ஏதோ ரத்தத்துல எடுத்து ரத்தத்தையே போடுற ஊசியாம், அதைக் கேட்டுட்டு வான்னு சொல்றான். எங்க அக்கா தைலம் தேச்சே சரியாப் போச்சுங்கிறாங்க. நான் எதைத்தான் செய்யறது?"

அறுபதைத் தொட்ட பெண்களிடமிருந்தும் அவர்களுடைய பிள்ளைகளிடமிருந்தும் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த மாதிரிதான் இருக்கின்றன. நான்கு பேர் நான்கு வழி சொன்னால் நான்கும் ஒரே தரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அப்படி இல்லை. அதிகம் விளம்பரமாகும் வழிக்கு ஆதாரம் குறைவு. நல்ல ஆதாரமுள்ள வழியை விற்க ஆள் இல்லை, ஏனென்றால் அதில் யாருக்கும் பெரிய லாபம் கிடையாது.

## முதலில், இது தேய்மானம்தானா?

கீழே வரும் ஒப்பீடு முழுவதும் வயதோடு வரும் மூட்டுத் தேய்மானத்துக்கானது. வேறு வகை மூட்டுவாதமாக இருந்தால் கணக்கே மாறிவிடும். அதனால் இதில் அவசரப்படக் கூடாது.

தேய்மான முட்டி காலையில் எழுந்ததும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரத்தில் விட்டுவிடும். நடக்க நடக்க, படி ஏற ஏற வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு இதற்கு நேர்மாறு. காலை விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அசைய அசையத்தான் இளகும். விரல் கணுக்கள், மணிக்கட்டு போன்ற சின்ன மூட்டுகள் இரண்டு கையிலும் ஒருசேர வீங்கும். காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று ஆரம்பித்தால் எலும்பு மருத்துவரைவிட மூட்டுவாத நிபுணரான ருமட்டாலஜிஸ்ட்தான் சரியான ஆள். இதில் முதல் சில மாதங்கள் பொன்னானவை. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை அப்போதே தொடங்கினால் மூட்டு கோணிப்போகாமல் காப்பாற்றலாம். வலி மாத்திரையிலேயே ஒரு வருடம் ஓட்டினால் அந்த வாய்ப்பு போய்விடும். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் போட்டுக்கொண்டு ரத்த அணுக்கள் குறைந்து ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் உண்டு. வீட்டில் யாராவது சாப்பிட்டால் அட்டையின் மேல் கிழமையை எழுதி வையுங்கள்.

கௌட், அதாவது யூரிக் ஆசிட் மூட்டில் படிவதால் வரும் வாதம், பெரும்பாலும் ராத்திரியில், திடீரென்று, கால் கட்டைவிரலில் வரும். போர்வை பட்டால்கூடத் தாங்காது. சிக்குன்குனியா வந்து போன பிறகு மாதக்கணக்கில் கணுக்கால், மணிக்கட்டு வலிப்பதும் நம் ஊரில் சாதாரணம். காய்ச்சலோடு ஒரே மூட்டு சிவந்து, சுட்டு, வீங்கினால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தைலமும் வேண்டாம், ஒப்பீடும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ரத்தப் பரிசோதனைகள் பற்றி ஒரு எச்சரிக்கை. முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர், நோயே இல்லாத சிலருக்கும் பாசிடிவ் காட்டும்; முடக்குவாதம் உள்ள சிலருக்கு நெகடிவ் காட்டும். ஆன்டி சி.சி.பி. என்ற இன்னொரு பரிசோதனை இதைவிட நம்பகமானது. யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடுதலாக இருப்பதாலேயே கௌட் என்று ஆகிவிடாது; கௌட் தாக்கும் நேரத்தில் அது சரியான அளவில் இருப்பதும் நடக்கும். தேய்மான முட்டிக்கு யூரிக் ஆசிட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, பருப்பையும் தக்காளியையும் ஒதுக்கி, சாம்பார் இல்லாமல் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது?

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். வலி எவ்வளவு குறையும், எத்தனை நாள் தாங்கும்? சர்க்கரை, பிரஷர், சிறுநீரகம், வயிறு இவற்றுக்கு என்ன கேடு? பில்லில் வராத செலவு எது? சரிப்படவில்லை என்றால் திரும்பி வர வழி இருக்கிறதா? கடைசியாக, நீங்கள் எவ்வளவு உழைக்க வேண்டும்?

டாக்டர் 'ஸ்டேஜ்' என்று சொல்லும் எக்ஸ்ரே கிரேடை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. நாலாவது கிரேடில் திருப்பதி மலை நடந்து ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது கிரேடில் கடைத்தெருவுக்குப் போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். நின்றபடி எடுத்த எக்ஸ்ரே இருந்தால் போதும். படுத்து எடுத்ததில் மூட்டு இடைவெளி உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். ஐம்பது வயதுக்கு மேல் எம்.ஆர்.ஐ. எடுத்தால் 'ஜவ்வு கிழிந்திருக்கிறது' என்று வருவது சர்வசாதாரணம். வலியே இல்லாதவர்களுக்கும் அப்படித்தான் வரும். அந்த ஒரு வரியைப் பார்த்துப் பயந்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்க வேண்டாம்.

## பயிற்சியும் எடைக் குறைப்பும்

எல்லா நாட்டு வழிகாட்டுதல்களும் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். நம் ஊரில் பத்து வினாடியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: "நடங்கம்மா, வெயிட் குறைங்க." நடந்தாலே வலிப்பவரிடம் நடக்கச் சொன்னால் எப்படி?

நடைக்கு முன்னால் தொடையின் முன்பக்கத் தசையைப் பலப்படுத்த வேண்டும். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியின் பின்புறத்தால் துண்டைக் கட்டிலோடு அழுத்துங்கள். தொடையில் கை வைத்தால் தசை கல்லுப்போல ஆவது தெரியும். முட்டிச் சில்லு லேசாக மேலே இழுபடும். ஐந்து எண்ணி விடுங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை. இது பழகியதும், சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது. பிறகு கையை மார்பில் கட்டிக்கொண்டு அதையே செய்வது. செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் கவலை இல்லை. அடங்கவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். வித்தியாசம் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். பெரும்பாலானவர்கள் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

எடையைப் பொறுத்தவரை, பருமனான முட்டிவலிக்காரர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று, உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைவதாகக் கணக்கிட்டது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ மிச்சம்.

மறைமுகச் செலவு இதிலும் உண்டு. பிசியோதெரபி என்று போனால் படுக்கவைத்து கரண்ட் வைத்து, மெழுகு ஒத்தடம் கொடுத்து, அனுப்பிவிடும் இடங்கள் இருக்கின்றன. அது அன்றைக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டு முறை போயும் ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தரவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். ஆட்டோ கூலியாவது மிஞ்சும்.

ஊன்றுகோலையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பக்க விளைவு இல்லாத வலி நிவாரணி அது. ஆனால் 'கிழவி ஆயிட்டேன்னு ஊருக்கே சொல்றதா?' என்று பரணில் போட்டுவிடுவார்கள்.

## களிம்பும் மாத்திரையும்

மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். "முட்டி வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க." அசிக்ளோஃபினாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த அட்டையைக் கத்தரித்து, கூடவே ஒரு கேஸ் மாத்திரையும் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சர்க்கரை இருக்கிறதா, பிரஷருக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும். டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரையும் நீர் போகும் மாத்திரையும் சாப்பிடுபவர் இந்த வலி மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை அடிக்கும். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் சாப்பிடுபவர் வலி மாத்திரையும் போட்டால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம்; மலம் கறுத்துப் போனால் அதுதான் அடையாளம். எட்டோரிகாக்சிப் என்ற இன்னொரு வலி மாத்திரை வயிற்றுக்குக் கொஞ்சம் மென்மையானது, ஆனால் பிரஷரை ஏற்றும்.

மாத்திரையின் விலை சில ரூபாய்தான். அதன் உண்மையான விலை பல வருடம் கழித்து, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டில் வரும்.

டைக்ளோஃபினாக் களிம்பு பரவாயில்லை. முட்டி தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூட்டு என்பதால் மருந்து உள்ளே போகும், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஆனால் வலிக்கும்போது ஒரு தடவை தடவினால் போதாது. தினம் மூன்று நான்கு முறை, இரண்டு வாரமாவது தடவிப் பார்க்க வேண்டும். பாரசிட்டமால் தனியாகத் தேய்மான வலிக்குப் பெரிதாகக் கேட்பதில்லை.

குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் மாத்திரைகளை அமெரிக்காவில் 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2006-இல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் மருந்தில்லாத போலி மாத்திரையைவிடக் குறிப்பிடும்படியான பலன் இல்லை. கெடுதலும் இல்லை, ஆனால் மாதாமாதம் பணம் போகும்.

பிண்டத் தைலம் தேய்த்துக்கொள்வதிலும் முடக்கத்தான் தோசை சாப்பிடுவதிலும் தவறே கிடையாது. பயப்பட வேண்டியது லேபிள் இல்லாத பொட்டலப் பொடிக்கும் உருண்டைக்கும்தான். சாப்பிட்ட இரண்டே நாளில் பத்து வருட வலி பறந்துவிட்டது என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். அப்படிச் சாப்பிட்டு வந்தவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

## ஊசிகள்

மூன்று வகை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஸ்டீராய்டு ஊசி மலிவு, வேகம். நீர் கோத்து வீங்கிய முட்டி சில நாளில் அடங்கும். பலன் சில வாரம். மிஞ்சினால் மூன்று மாதம். சர்க்கரைக்காரர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் அளவு ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் தொடர்ந்து போட்டுப் பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது: உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் அதிகம் கரைந்திருந்தது. மகள் கல்யாணம் வருகிறது, முட்டி வீங்கிக் கிடக்கிறது என்றால் ஒன்று போட்டுக்கொள்ளலாம். வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் முட்டி மாற்று செய்தால் தொற்று ஆபத்து கூடும் என்பதால் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

ஜெல் ஊசி என்று சொல்வது ஹயலூரானிக் ஆசிட். ஊசிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். 'வண்டிக்கு ஆயில் மாத்துற மாதிரி' என்று விளக்குவார்கள். கேட்க நன்றாக இருக்கும். அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல், இதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைப்பதில்லை என்றே சொல்கிறது.

பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் செறிந்த பகுதியை முட்டியில் போடுவது. அதே 2021-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று இதை உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டது. ஒரு வருடம் கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பிலும் சரி, கவனிக்கத்தக்க வித்தியாசம் இல்லை. சாதகமான சிறு ஆய்வுகளும் இருக்கின்றன என்பதால் கதவை முழுக்கச் சாத்த மாட்டேன். ஆனால் கடன் வாங்கிப் போடும் அளவுக்கு எதுவும் நிரூபணமாகவில்லை. ஸ்டெம் செல் ஊசி என்று லட்சத்தில் பேசினால் எழுந்து வந்துவிடலாம்.

## சின்ன ஓட்டை போட்டுக் கழுவுவது

சின்ன ஓட்டை வழியாகக் குழாய் விட்டு மூட்டின் உள்ளே கழுவும் இதற்கு ஆர்த்ராஸ்கோப்பி என்று பெயர். தேய்மான முட்டிக்கு இது வேண்டாம். 2002-லேயே அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு உண்மையாகவே கழுவினார்கள், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். இரண்டு தரப்புக்கும் பலன் ஒன்றுதான்.

## முட்டி மாற்று

பயமுறுத்துகிறவர்களும் அதிகம், மிகைப்படுத்துகிறவர்களும் அதிகம். உண்மையிலேயே முற்றிய முட்டிக்கு இதைவிட வலியைக் குறைக்கும் சிகிச்சை கிடையாது. டென்மார்க்கில் ஆபரேஷனுக்குத் தகுதியான 100 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2015-இல் வந்தது. ஒரு பாதிக்கு முட்டி மாற்றோடு பயிற்சி, மறு பாதிக்கு பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, மாத்திரை மட்டும். ஒரு வருடம் கழித்து ஆபரேஷன் செய்தவர்களே தெளிவாக முன்னால் இருந்தார்கள். ஆனால் கடுமையான சிக்கல்கள் அந்தப் பக்கத்தில்தான் அதிகம். செய்யாதவர்களிலும் பெரும்பாலோர் ஓரளவு தேறியிருந்தார்கள். நால்வரில் ஒருவர்தான் அந்த வருடத்துக்குள் ஆபரேஷனுக்கு மாறினார்.

எத்தனை வருடம் உழைக்கும்? பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் வந்த கணக்குப்படி, நூற்றில் 82 முழு முட்டிகள் 25 வருடம் தாங்குகின்றன. வயது இங்கே முக்கியம். எழுபதுக்கு மேல் செய்துகொண்டவருக்கு வாழ்நாளில் மறு ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 5 அளவில்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களுக்கு அது 35 வரை போகிறது. மறு ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம், செலவும் அதிகம்.

ஐந்தில் ஒருவர் செய்த பிறகும் திருப்தி இல்லை என்கிறார். இதை முன்கூட்டிச் சொல்லும் மருத்துவரை நான் நம்புவேன்.

செலவுக்கு வருவோம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்சவரம்பு வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் முட்டிக்கு ஜி.எஸ்.டி. நீங்கலாக ₹54,720. அதுவரை ஒன்றரை லட்சம் போட்டுக்கொண்டிருந்த பொருள் அது. விலைக்கு இப்படி மேல்வரம்பு இருக்கும்போது, ஒரே ஊரில் இரண்டு மருத்துவமனைகளின் பேக்கேஜ் ஒரு லட்சம் வேறுபட்டால், அந்த வித்தியாசம் பெரும்பாலும் அறையிலும் கட்டணத்திலும் 'ரோபோ'விலும்தான் இருக்கும். ரோபோ எலும்பைத் துல்லியமாக வெட்ட உதவுகிறது, உண்மை. நோயாளி அதனால் கூடுதல் வலியில்லாமல் நடக்கிறார் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இன்னும் இல்லை. தங்க நிறப் பூச்சு கொண்ட செயற்கை முட்டியின் கதையும் அப்படித்தான். அந்தப் பணத்தை ஆபரேஷனுக்குப் பிந்தைய பிசியோவுக்கு வையுங்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இது செய்துகொள்ளலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் நடக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பில் தொடைத் தசையைப் பலப்படுத்தினால் அது வீணான காலமில்லை.

பில்லில் வராத செலவுகளைச் சொல்கிறேன். மறுநாளே வாக்கரில் நடக்க வைத்துவிடுவார்கள், ஆனால் வீட்டில் நாலு முதல் ஆறு வாரம் கூடவே ஓர் ஆள் வேண்டும். மருமகளோ மகளோ லீவு போட வேண்டும். வீட்டில் இந்திய வகைக் கழிப்பறை மட்டும் இருந்தால் மாற்றியாக வேண்டும். பாயில் படுப்பவருக்குக் கட்டில் வேண்டும். சம்மணம் போட்டுப் பந்தியில் உட்காருவது, குத்தவைத்துக் கோலம் போடுவது, மண்டியிடுவது இவற்றைப் பெரும்பாலும் விட வேண்டும். வீக்கம் மாதக்கணக்கில் இருக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். தொற்று நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், வந்தால் பெரிய தொல்லை. அதனால்தான் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சொத்தைப் பல், கால் புண், நீர்க்கடுப்பு எல்லாவற்றையும் சரிசெய்த பிறகே தேதி வாங்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஃபைலில் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும்: கம்பெனி, அளவு, தயாரிப்பு எண். பத்திரப்படுத்துங்கள். பதினைந்து வருடம் கழித்து மறு ஆபரேஷன் என்றால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

முழுசாக மாற்றாமல் இரண்டு சின்ன வழிகளும் உண்டு. முட்டியின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பாதியை மட்டும் மாற்றலாம். சீக்கிரம் தேறலாம், ஆனால் 25 வருடம் தாங்குவது நூற்றில் 70. ஐம்பத்தைந்துக்குக் குறைவான வயது, கால் வில்லாக வளைந்திருக்கிறது, வயலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தாக வேண்டும் என்றால் கெண்டைக்கால் எலும்பை வெட்டி நேராக்கும் ஆபரேஷனைப் பற்றிக் கேளுங்கள். சொந்த மூட்டு அப்படியே இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | பலன் | எத்தனை நாள் | முக்கிய ஆபத்து | மறைந்திருக்கும் செலவு | திரும்பி வரலாமா |
|---|---|---|---|---|---|
| பயிற்சி, எடை | மிதமானது முதல் நல்லது | செய்யும் வரை | அநேகமாக இல்லை | நேரம், பொறுமை | தேவையே இல்லை |
| களிம்பு | மிதமானது | தடவும் வரை | தோல் அரிப்பு | இல்லை | ஆம் |
| வலி மாத்திரை | மிதமானது | சில மணி நேரம் | சிறுநீரகம், வயிறு, பிரஷர் | ரத்தப் பரிசோதனைகள் | சிறுநீரகம் கெட்டால் கடினம் |
| ஸ்டீராய்டு ஊசி | நல்லது | சில வாரம் | சர்க்கரை ஏற்றம், அரிதாகத் தொற்று | ஆபரேஷன் தள்ளிப்போவது | ஆம் |
| ஜெல், பி.ஆர்.பி. | நிச்சயமில்லை | நிச்சயமில்லை | வீக்கம், அரிதாகத் தொற்று | ஊசியின் விலையே | ஆம், பணம் வராது |
| முட்டி மாற்று | மிக நல்லது | பெரும்பாலும் 20 வருடத்துக்கு மேல் | தொற்று, ரத்தக் கட்டி | துணை ஆள், கழிப்பறை, பிசியோ | இல்லை |

## யார் எதை எடுக்கலாம்?

படி ஏறினால் மட்டும் வலி, சமதரையில் பிரச்சினை இல்லை என்றால் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்யுங்கள், தேவைப்பட்டால் களிம்பு. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். திடீரென்று வீங்கிப் பயிற்சியே செய்ய முடியவில்லை என்றால் ஒரு ஸ்டீராய்டு ஊசி, அல்லது சிறுநீரகம் நன்றாக இருந்தால் மருத்துவர் சொல்லும் சில நாட்களுக்கு மாத்திரை. அடங்கியதும் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தவர் மாத்திரையைத் தினசரி வழக்கமாக்குவதைவிட, முட்டி முற்றியிருந்தால் ஆபரேஷன் செய்துகொள்வதே பாதுகாப்பு என்பது என் கருத்து. வலி மாத்திரையில் பத்து வருடம் தள்ளிப்போட்டுவிட்டுச் சிறுநீரகம் கெட்டபின் வந்தால் ஆபரேஷனும் சிக்கலாகிவிடும்.

ராத்திரித் தூக்கம் கெடுகிறது, தெரு முனைக் கோயிலுக்குக்கூடப் போவதில்லை, கால் வளைந்துகொண்டே போகிறது, மூன்று மாதம் நேர்மையாகப் பயிற்சி செய்தும் பலனில்லை. இவை சேர்ந்தால் முட்டி மாற்றுக்கு நேரம் வந்துவிட்டது.

"ரெண்டையும் ஒரே நேரத்துல முடிச்சிடலாமா?" என்று அடுத்த கேள்வி வரும். ஒரே மயக்க மருந்து, ஒரே அட்மிஷன், செலவு கொஞ்சம் குறையும். இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கும் அறுபது வயதுக்காரருக்குச் சரி. எழுபத்தைந்தைத் தாண்டியவர், ஸ்டென்ட் வைத்தவர், உடல் பருமன் அதிகமுள்ளவர் என்றால் ஒவ்வொன்றாகவே செய்யுங்கள், அதிகம் வலிக்கும் காலை முதலில். முதல் கால் தேறிப் படி ஏற ஆரம்பித்த பிறகு இரண்டாவதற்குத் தேதி கேட்கலாம். பாரத்தை ஆபரேஷன் செய்து தேறிய கால் ஏற்றுக்கொண்டதும் மறுகாலின் வலி தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கி, வருடக்கணக்கில் தேதியே வாங்காமல் இருப்பவர்களும் உண்டு.